தண்ணீர் நமக்கு, பருப்பு மாட்டுக்கா?

கொள்ளு ரசம் வைக்காத வீடு எங்கள் பகுதியில் இல்லை. காங்கேயம், தாராபுரம் சுற்றுவட்டார மானாவாரிக் கிராமங்களில் மழை நாள் என்றாலும், சளி பிடித்தாலும், விருந்துண்டு வயிறு மந்தமானாலும் அன்று அடுப்பில் கொள்ளு வேகும். அதன் மணம் வாசலுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வந்து நிற்பார். இவ்வளவு பெயர் பெற்ற ரசத்தைப் பற்றி நான் குறை சொல்லப் போகிறேன் என்றால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்குமா என்பது ஐயம்தான். எனினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரசத்தில் குறை இல்லை. ரசத்தை இறுத்த பிறகு பாத்திரத்தின் அடியில் தங்கும் பருப்பை நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் குறை.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் ஒரு படி கொள்ளைப் பெரிய பானையில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு வேகவைப்போம். நன்கு வெந்ததும் தண்ணீரை இறுத்து ரசத்துக்கு எடுத்துக் கொள்வோம். வெந்த பருப்பில் இரண்டு கரண்டி மட்டும் ரசத்தில் அரைத்து விடுவதற்காக எடுப்பார்கள். மீதி முழுவதும் தொழுவத்துத் தொட்டிக்குப் போய்விடும். என் தகப்பனார் காலத்தில் இது மிகச் சரியான ஏற்பாடு. அன்றைக்கு எங்களிடம் இரண்டு ஜோடி காங்கேயம் காளைகள் இருந்தன. கவலை இறைத்ததும், ஏர் உழுததும், சந்தைக்கு வண்டி இழுத்ததும் அவைதான். வேகவைத்த கொள்ளும் பருத்திக்கொட்டையும் அவற்றின் கூலி. கொள்ளு காளைக்காகத்தான் வெந்தது. ரசம் நமக்குக் கிடைத்த உபரி. எரிகிற விறகில் இரண்டு வேலை முடிந்தது.

இன்று கவலை இல்லை, ஏர் இல்லை, வண்டியும் இல்லை. டிராக்டர் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. காளைகளை விற்றுவிட்டோம். ஒரு கறவை மாடு மட்டும் நிற்கிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு படி, ஒரு டம்ளராகக் குறைந்தது. பானை, பிரஷர் குக்கராக மாறியது. தண்ணீர் நமக்கு, பருப்பு மாட்டுக்கு என்ற பங்கீடு மட்டும் அப்படியே நிற்கிறது. மாடு இல்லாத வீடுகளில் பருப்பு குப்பைக்கே போகிறது. நகரத்தில் குடியேறிய எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் அதைக் கழிவுக் கூடையில் கொட்டியதை நானே பார்த்தேன்.

மருமகள் கேட்ட கேள்வி

2023 ஆம் ஆண்டு ஆடி மாதம். என் மருமகளுக்கு ஏழாவது மாதம். பரிசோதனைக்குப் போய் வந்தவள் சீட்டை என்னிடம் நீட்டினாள். ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. மருத்துவர் அம்மையார் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "விவசாய வீட்டுப் பெண்ணுக்கு இது வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. நாங்கள் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் அல்லர். அரிசி உண்டு, பால் உண்டு, வாரம் ஒருநாள் கறி உண்டு.

இரவு சாப்பிடும்போது மருமகள் கேட்டாள்: "ஏனுங்க மாமா, கொள்ளுல இரும்புச் சத்து நெறைய இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வாரத்துல மூணு நாள் ரசம் குடிக்கிறேன். அப்புறம் எப்படிங்க கொறையும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை தொழுவத்துக்குப் போனேன். தொட்டியில் முந்தின நாள் கொள்ளுப் பருப்பு தவிட்டோடு கலந்து கிடந்தது. மாடு நக்கிக்கொண்டிருந்தது. பதில் அங்கே இருந்தது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப் பொருள்களைப் பகுத்தாய்ந்து பல்லாண்டுகளாக அட்டவணை வெளியிட்டு வருகிறது. அதன் பழைய பதிப்புகளிலேயே 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதமும், 287 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் இரும்புச் சத்தும் இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். தீட்டிய அரிசியில் புரதம் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆகவே கொள்ளின் பெருமை பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு முழுப் பயறுக்கு உரியது. பயறு வெந்த தண்ணீருக்கு உரியதல்ல. வேகும்போது நிறமும், மணமும், சில உப்புகளும், கொஞ்சம் மாவுச் சத்தும் நீரில் இறங்கும். புரதத்திலும் இரும்பிலும் பெரும்பகுதி பருப்பிலேயே தங்கிவிடும். என் மருமகள் குடித்தது மணத்தை. சத்தைத் தின்றது மாடு.

"மாடு தின்றால் என்ன, பாலாகத் திரும்பி வருகிறதே" என்று என் மனைவி வாதாடினாள். புரதமும் சுண்ணாம்பும் பாலில் வரும், மறுக்கவில்லை. ஆனால் பாலில் இரும்புச் சத்து மிக மிகக் குறைவு. தொட்டிக்குப் போன இரும்பு தம்ளருக்குத் திரும்பி வருவதில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21 இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவர் என்றாகிறது. களை எடுக்கிறவர்களும், பால் கறக்கிறவர்களும், கொள்ளைப் புடைத்துத் தூற்றி மூட்டை கட்டிக் கொடுக்கிறவர்களும் இதற்குள் அடங்குவர்.

ரசத்துக்கு மட்டும் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். நோயாளிக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். சூடாக, காரமாக, தொண்டைக்கு இதமாக இருக்கும், பசியைத் தூண்டும். நல்லதுதான். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு கொதிநீரில் அதிகம் கரைவதில்லை. நாட்டுக்கோழி ரசத்தைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்துவிட்டுக் கறியை வந்திருந்த விருந்தாளிகள் சாப்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். சாறு மருந்து, கறி சாப்பாடு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். உடம்பு தேறவேண்டியவருக்கு இரண்டும் வேண்டும்.

பழமொழி செய்த கேடு

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றொரு பழமொழி உண்டு. எள் பயிரிடுவோருக்கு இது நல்ல விளம்பரம். கொள்ளுக்கோ பெருங்கேடு. கொள்ளு என்றால் உடம்பைக் கரைக்கும், ஆகவே இளைத்த பிள்ளைகளுக்கும் மெலிந்த பெண்களுக்கும் ஆகாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நூற்றுக்கு 22 பங்கு புரதம் உள்ள ஒரு பயறு, வளரும் பிள்ளைக்கு ஆகாமல் வேறு யாருக்கு ஆகும்? கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு என்பது உண்மை. அதற்காக அது உடம்பிலுள்ள கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைக்கும் என்று பொருளில்லை. காங்கேயம் காளை கொள்ளைத் தின்று இளைத்ததாக யாராவது கண்டதுண்டா?

மற்றொரு தடை, கூச்சம். "மாட்டுக்கு வெக்கறதை மனுசன் திங்கறதா?" என்று என் தாயார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைந்து நல்லெண்ணெய் விட்டு உண்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. ஆயினும் அதற்கென்று தனியாக, கொஞ்சமாக வேகவைப்பார்கள். ரசத்துக்கு வெந்த பருப்பு மட்டும் ஏனோ மாட்டுப் பங்கு என்றே பெயர் வாங்கிவிட்டது.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. அடுப்படியில் நிற்கிறவர்களுக்கே அது தெரியும். கல்! கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடிக்கிறோம். செம்மண் களத்துச் சிறு கல் நிறத்திலும் அளவிலும் கொள்ளைப் போலவே இருக்கும். எவ்வளவு புடைத்தாலும் சில தங்கிவிடும். தண்ணீரை மட்டும் இறுத்துக்கொண்டால் கல்லைப் பற்றிக் கவலை இல்லை, அது அடியில் நிற்கும். பருப்பை உண்பதென்றால் பல்லைக் காக்க வேண்டும். கொள்ளைத் தண்ணீரில் போட்டு, அரிசி அரிப்பதுபோல் இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி மூன்று தடவை அரித்து எடுக்கவேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைப் பார்த்து அஞ்சித்தான் பல வீடுகளில் பருப்பு தொட்டிக்குப் போகிறது என்பது என் கருத்து. தார்ப்பாய் விரித்து அதன்மேல் கொள்ளு அடித்தால் கல் பாதியாகக் குறையும். ஆகவே இதில் ஆண்களுக்கும் வேலை இருக்கிறது.

ரசத்தில் மிதக்கும் கொழுக்கட்டை

சரி, பருப்பை எப்படி உண்பது? கடைந்த பருப்பு ஒரு வழி. ஆனால் ரசமும் கடைந்த பருப்பும் வாரம் மூன்று நாள் என்றால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். கண்டுபிடித்தது என்பதுகூட மிகை. பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. கொள்ளைக் கொழுக்கட்டையாகப் பிடித்துக் கொள்ளு ரசத்திலேயே போட்டுவிடுவதுதான். (கொழுக்கட்டை என்றதும் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குக் கொறங்காட்டில் ஆடு மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல!)

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு டம்ளர், அதாவது ஏறக்குறைய 200 கிராம் கொள்ளு போதும். அரித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். பிறகு ஈரத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் ஒரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். குளிர் காலத்தில் ஒன்றரை நாள் ஆகலாம். முளை கால் அங்குலம் போதும். நீண்டால் கசப்புத் தட்டும். இதில் பாதியைக் குக்கரில் ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு ஐந்தாறு விசில் வரும்வரை வேகவைத்துக் கொள்ளுங்கள். மறு பாதி கொழுக்கட்டைக்கு.

கொழுக்கட்டைக்கு வைத்த முளைக் கொள்ளோடு இரண்டு மிளகாய் வற்றல், ஒரு கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவேண்டும். தண்ணீர் விடக்கூடாது. மிக்ஸி சுற்றாமல் அடம் பிடித்தால் கைத் தண்ணீர் தெளித்துக் கொள்ளலாம், அவ்வளவுதான். அத்துடன் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும், ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக் கீரையும், பிடிக்கும் அளவுக்குக் கம்பு மாவும் சேர்த்துப் பிசையுங்கள். அரிசி மாவு சேர்த்தாலும் உருண்டை நிற்கும். ஆனால் கம்பில் இரும்பு அதிகம். அதோடு தானியப் புரதத்தில் குறைவதைப் பருப்பும், பருப்பில் குறைவதைத் தானியமும் ஈடுசெய்யும். நெல்லிக்காய் அளவு உருட்டி, விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, இட்டலிப் பானையில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள்.

ஆவியில் வைக்காமல் நேரே ரசத்தில் போட்டால் என்ன என்று என் மனைவி முதல் நாள் சோதித்தாள். ரசம் குழம்பாகிவிட்டது. ருசி மோசமில்லை, ஆனால் கொழுக்கட்டையைக் காணோம். நேரே போடத் துணிகிறவர்கள் ரசம் தளதளவென்று கொதிக்கும்போது ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்து, அது கரையாமல் மேலே வந்தால் மற்றவற்றைப் போடலாம்.

ரசத்துக்கு, வெந்த கொள்ளில் இரண்டு கரண்டி எடுத்து மிளகு, சீரகம், பூண்டு, கொத்துமல்லித் தழையோடு அரைத்து, புளிக்கரைசலுடன் கொள்ளுத் தண்ணீரில் கலந்து கொதிக்கவிட்டு, கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளியுங்கள். மீதி வெந்த பருப்பை வெளியே எடுக்கவே வேண்டாம். மத்தால் ஒரு கடை கடைந்து ரசத்திலேயே விட்டுவிடுங்கள். ரசம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. நுரை கட்டி வரும்போது கொழுக்கட்டைகளைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து இறக்கி, மூடி வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் கொழுக்கட்டை ரசத்தை உறிஞ்சி ஊறி நிற்கும். கிண்ணத்தில் பரிமாறும்போது ஆளுக்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்து கொள்ளவேண்டும். இதை மறக்கவேண்டாம், ருசிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. பயறுகளிலுள்ள இரும்பு, கறியிலுள்ள இரும்பைப் போல எளிதில் உடம்பில் சேருவதில்லை. முளை கட்டுவதும், எலுமிச்சையின் வைட்டமின் சியும் அது சேருவதற்குத் துணை செய்யும். கொதிக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்தால் அந்த வைட்டமின் வீணாகும். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். தாளிப்பை அலுமினியச் சட்டியில் செய்யாமல் பாட்டி காலத்து இரும்புச் சட்டியைத் தேடி எடுங்கள். புளி சேர்ந்த ரசம் இரும்புச் சட்டியில் கொதித்தால் அதிலிருந்தும் சிறிது இரும்பு இறங்கும்.

கணக்குப் பார்த்தால் 200 கிராம் கொள்ளில் 44 கிராம் புரதம். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 9 கிராம். ஒன்றரை முட்டைக்குச் சமம். கம்பு மாவும் முருங்கைக் கீரையும் தருவது தனி. முன்பு இதே 200 கிராமிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது இரண்டு கரண்டிப் பருப்பும் வெறும் மணமுமே.

வாயு என்று பயப்படுவோர் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டி, முளை கட்டி, பூண்டும் பெருங்காயமும் சேர்த்தால் பெருமளவு குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், யூரிக் அமிலம் மிகுந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்பது நலம். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். இரத்தசோகை வந்துவிட்டால் அதற்கு மாத்திரைதான் மருந்து. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. கொழுக்கட்டை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது அறிவீனம். என் மருமகளுக்குப் பிரசவத்துக்கு முன் 10.8 வரை ஏறியது. அது மாத்திரையால் ஏறியது என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் முறை அவ்வளவு கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சாப்பாட்டின் வேலை.

உறைக்குள் என்ன?

இப்போது கிராமத்து மளிகைக் கடைகளிலும் சூப் பொடி உறைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. வெந்நீரில் கரைத்தால் இரண்டு நிமிடத்தில் சூப். உறையின் முன்பக்கம் தக்காளியும் காரட்டும் பளபளக்கும். பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானவற்றில் மக்காச்சோள மாவுச் சத்து, சர்க்கரை, உப்பு ஆகியவையே முன்வரிசையில் நிற்கும். உலர்ந்த காய்கறிக்குக் கடைசியில்தான் இடம். கொள்ளு விளைந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்டு, அதை மூட்டையாக விற்று, அதன் மாவையே உறையில் வாங்கிக் குடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். மக்காச்சோளத்தை நான் குறைகூறவில்லை. நானும் இரண்டு ஏக்கரில் போடுகிறேன், பணம் வருகிறது. ஆனால் இரண்டு ஏக்கரிலும் அதையே போட்டாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பத்து சென்ட் போதும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 200 கிராம் என்றால் ஆண்டுக்கு 31 கிலோ. எங்கள் செம்மண்ணில் சுமாரான மழைக்கே கொள்ளு ஏக்கருக்கு 300 கிலோ தருகிறது. பத்து சென்டில் 30 கிலோ. கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை என்றால் பத்து சென்டுக்கு 800 கிராம். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 ஆகிய இரகங்களைத் தந்திருக்கிறது. நாட்டு விதை கையில் இருந்தாலும் குறைவில்லை. புரட்டாசி, ஐப்பசி மழை ஈரத்தில் விதைத்தால் பிறகு பனி ஈரத்திலேயே பயிர் தேறிவிடும். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. அறுவடையானதும் நல்ல வெயிலில் காயப்போட்டு, ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலையோ நொச்சியோ கலந்து மூடி வைத்தால் வண்டு அண்டாது. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. வியாபாரி தராசோடு வருமுன் வீட்டு மூட்டையைத் தனியே எடுத்து உள்ளே வைத்துவிடவேண்டும். களத்தில் கிடந்தால் அதுவும் எடைக்குப் போய்விடும். நான் அனுபவித்தவன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை, மசூர் ஆகிய பருப்பு வகைகளுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. மானாவாரி விவசாயியின் கொள்ளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2023 இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட நியாய விலைக் கடைகளில் மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வரவேற்கத் தக்க செயல். கேழ்வரகை அங்கேயே வாங்கி அங்கேயே கொடுக்க முடியுமானால், கொள்ளு விளையும் மாவட்டங்களில் மாதம் ஒரு கிலோ கொள்ளுக்கும் அதே வழியைச் செய்யலாம். சத்துணவுக் கூடங்களில் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வேகும் அடுப்பில் கொள்ளு வேகாதா? பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். கொழுக்கட்டையாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கடைசியாக, மாட்டுக்கு என்ன வைப்பது என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். முதல் வாரம் எங்கள் மாடு தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தது உண்மைதான். இப்போது தவிட்டோடு கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வைக்கிறோம். கொள்ளு அடித்த பொட்டும் காய்ந்த கொடியும் பத்து சென்டிலிருந்து இரண்டு கட்டு கிடைத்தன. அவற்றை வைக்கோலைவிட ஆசையாகத் தின்கிறது. கறவை குறையவில்லை. குக்கரைக் கழுவிய தண்ணீர் மட்டும் இன்னமும் தொட்டிக்குத்தான் போகிறது.